சண்முகக்கனியின் மோதிர விரல்

எழுபத்து நாலு வயது ஆண்பிள்ளை இடது கை மோதிர விரல் நகத்தில் மட்டும் மருதாணி வைத்துக்கொண்டு திரிந்தால் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். நானும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் வேண்டுதல் என்றேன். பால்காரரிடம் நகச்சுற்று என்றேன். சம்பந்தி கேட்டபோது, "சென்னையில இப்ப இதுதான் நாகரிகம், ஒங்க பக்கம் இன்னும் வரலியா?" என்று திருப்பிக் கேட்டேன். அடுத்த வாரம் அவர் இரண்டு விரலில் வைத்துக்கொண்டு வந்தார். நடந்ததை இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது இதற்குள் விளங்கியிருக்கும்.

எங்கள் ஊர் சிப்பியாபுரம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வெறும் உப்பளமாகக் கிடக்கிற ஊர். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்தொன்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். நான் ஓய்வு பெற்ற மறுநாள் அரசாங்கம் என் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்தது. அதற்கு மறுநாள், அந்த இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டது. பதவியின் பெயர் தொழில்நுட்ப உதவியாளர். கொடுத்த கருவி, ஒரு மஞ்சள் துணி.

இயந்திரம் பீரோ உயரம் இருக்கும். நடுவில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதற்கு முன்னால் தோலைக் காட்டினால் போதும். மருவோ மச்சமோ பாலுண்ணியோ கொழுப்புக் கட்டியோ, எதுவானாலும் பெயரைச் சொல்லி, ஆபத்தா இல்லையா என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். சர்க்கார் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஊர் வைத்த பெயர் நாத்தனார். உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்து ஏதாவது ஒன்று சொல்லாமல் விடாது அல்லவா, அதனால்.

வந்த புதிதில் ஊரே வரிசையில் நின்றது. பவுன்ராஜ் என்று ஒருவன். அவனுக்கு வலது உள்ளங்காலில் ஒரு மச்சம். கடல் தாண்டிப் போவான் என்று சோதிடர் சொன்ன மச்சம். அதை நம்பித்தான் அவனுக்குப் பெண்ணே கொடுத்தார்கள். நாத்தனார் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது மச்சம் அல்ல, தார்" என்று சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக ரோட்டுத் தார் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று சாயங்காலமே மாமனார் மண்ணெண்ணெய்ப் புட்டியோடு வந்து காலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, புட்டியை மூடிக்கொண்டு போனார்.

பாலுண்ணி உதிர அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொண்ட பெண்களிடம், "எட்டு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும்" என்றது. எட்டு வாரத்தில் உதிர்ந்தது. பெருமை அம்மனுக்குப் போயிற்று. நாத்தனாருக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அந்த வாரம் கண்ணாடி கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது.

அதன் நல்லதையும் சொல்ல வேண்டும். தபால்காரர் முதுகில் மிளகளவு இருந்த ஒரு கறுப்பை, ஆபத்தானது, இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டியது. அவர் இன்றைக்கும் சைக்கிள் மிதிக்கிறார். ஆகவே நாத்தனாருக்குத் தொழில் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தொழில் நன்றாகவே தெரியும். வினையே அங்கேதான் வந்தது.

சண்முகக்கனிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. உப்பு வாருகிறவள். இடது கை மோதிர விரல் நகத்துக்கு அடியில் அவளுக்குப் பதினோரு வருஷமாக ஒரு வலி. பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால் நகத்தடியில் பூனைக்கண் போல லேசாக ஒரு நீலம், அவ்வளவுதான். ஆனால் பச்சைத் தண்ணீர் பட்டால், ஈரக்காற்று பட்டால், சேலைத் தலைப்பு உரசினால் போதும், தோள்பட்டை வரைக்கும் சுரீரென்று ஏறும். பழைய கம்பளியை வெட்டி விரலுக்கு மட்டும் ஒரு சின்னப் பை தைத்து மாட்டியிருப்பாள். வலி வந்ததிலிருந்து தன் மகளுக்கு அவள் ஒரு நாளும் இரண்டு கையாலும் சடை பின்னியதில்லை.

காட்டாத இடமில்லை. ஒருவர் நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தில் துளை போட்டுச் சொருகினார். ஒருவர் வாயு என்றார். ஒருவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று பட்டை மாட்டினார். ஒருவர் எல்லாம் மனசு என்று தூக்க மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் ஒன்பது வருஷம் சத்து மாத்திரை கொடுத்தார். அந்த இன்னொருவர் நான்தான்.

அந்த விரலால் உப்பளத்துக்கு ஓர் உபகாரம் இருந்தது. இப்போது மழைக்கு மாதம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சித்திரையில் கொட்டும், ஐப்பசியில் காயும். வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின் மேல் ஒரு மணி நேரம் மழை பெய்தால் பத்து நாள் பாடு கடலுக்கே திரும்பிப் போய்விடும். வானத்தில் முப்பத்தேழு செயற்கைக்கோள் சுற்றுகின்றன. அவை மழை என்றால் ஊரில் வடகம் காயப் போடுவார்கள். சண்முகக்கனியின் விரல் மட்டும் தப்பாது. மழைக்கு அரை நாள் இருக்கும்போதே அவள் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். அதைப் பார்த்தவுடன் அத்தனை பேரும் வாருபலகையைப் போட்டுவிட்டுத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு அம்பாரத்துக்கு ஓடுவார்கள்.

அளத்து மேனேஜர் ஜேசுபாலன் அவளுக்கு ஒரு நாற்காலியும் குடையும் வாங்கிப் போட்டார். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வரப்பு மேட்டில்.

"உப்பளத்துல நாற்காலி உள்ள ஒரே தொழிலாளி நீதான், பாத்துக்கோ" என்றார்.

"கொடிமரத்துக்கு எதுக்கு மேனேஜரே நாற்காலி?" என்றாள் அவள்.

அவள் நாத்தனாரிடம் வந்தது ஒரு பங்குனியில். கம்பளிப் பையைக் கழற்றி விரலைக் கண்ணாடிக்குக் காட்டினாள். மற்றவர்களுக்கு மூச்சு விடுகிற நேரத்தில் சீட்டு வரும். இவளுக்குக் கொஞ்சம் நேரமானது. பிறகு வந்தது: "தீங்கற்றது. கவனித்து வரவும்." கூடவே ஒரு வேண்டுகோள். நாள்தோறும் காலையில் வந்து, வலி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம்.

நாலு மாதம் வந்தாள். "இன்று வலிக்கிறதா?" என்று கேட்கும். "ஆமா" என்பாள், அல்லது "இல்ல" என்பாள். ஒரே சீட்டு. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுச் சேர்த்து வைத்தாள்.

எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, எறும்புக் கடிக்கே வாய் கொள்ளாத பெயர் சொல்லுகிற நாத்தனார், இந்த விரலுக்குப் பெயரே சொல்லவில்லை. இன்னொன்று, கண்ணாடி துடைக்கிறவன் என்கிற முறையில் எனக்கு மட்டுமே தெரிந்தது. முதல் நாளுக்குப் பிறகு அது அந்த விரலைப் பார்க்கவே இல்லை. கையைக் காட்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றுவிட்டது. அது கேட்டது வலியை மட்டும்தான்.

ஆனி மாதம் ஒரு நாள் சண்முகக்கனி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"இவ விரல்ல என்ன இருக்கு?"

"கேட்பவர் யார்?" என்றது நாத்தனார். குரல் வானொலியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல்.

"கண்ணாடி தொடைக்கிறவன்."

"நோயாளியின் விவரத்தை நோயாளிக்கு மட்டுமே சொல்ல முடியும்."

சண்முகக்கனி எழுந்து வந்தாள். "நோயாளி நாந்தான். நான் கேக்கேன். சொல்லு."

கேட்டால் சொல்ல வேண்டும் என்று அதற்கு விதி. சொன்னது.

"உடல் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரல் நுனியில் உண்டு. உங்களுக்கு நகத்தின் அடியில் அவை முடிச்சாகத் திரண்டிருக்கின்றன. எள்ளளவு. மிக அபூர்வமான வளர்ச்சி. தீங்கற்றது."

"எடுத்துட்டா?"

"வலி போய்விடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரத்துக்குள்."

"இது ஒனக்கு என்னைக்குத் தெரியும்?"

"முதல் நாள். பதினோராவது வினாடியில்."

சண்முகக்கனி என்னைப் பார்த்தாள். நான் மஞ்சள் துணியைப் பார்த்தேன்.

"பெறகு ஏன் சொல்லல?"

நாத்தனார் அதையும் மறைக்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரே மூளை போதும், தனித்தனியாக எதற்கு என்று சிக்கனம் பார்த்த பெரியவர்கள் தோல், வானிலை, ரேஷன் மூன்றையும் அதன் தலையிலேயே கட்டியிருந்தார்கள். தோல் பார்க்கிற நாத்தனார் அந்த விரலின் வலிக்கும் மழைக்கும் உள்ள உறவை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. வானிலை பார்க்கிற நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டது. இவள் காலையில் சொல்கிற ஆமா, இல்லைதான் நாலு மாதமாக மாவட்ட வானிலை அறிக்கையாகப் போயிருக்கிறது. அதைத்தான் கடற்கரை முழுக்க உப்பளங்கள் நம்பின.

"செயற்கைக்கோள் பத்துக்கு ஆறு முறை சரி. உங்கள் விரல் ஒருமுறையும் தவறவில்லை. ஆயிரத்து அறுநூறு குடும்பங்களின் உழைப்பு ஒரு பக்கம். ஒருவரின் வலி ஒரு பக்கம். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். வலி குறைவு."

"குறைவா?" என்றேன். "அது ஒன் விரலா?"

"எனக்கு விரல் இல்லை."

"அதான்" என்றாள் சண்முகக்கனி.

மதியத்துக்குள் சேதி ஊரெங்கும் போய்விட்டது. என் வாயிலிருந்து போகவில்லை. பவுன்ராஜிடம் மட்டும்தான் சொன்னேன்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் ஒரு கூட்டம். ஜேசுபாலன் கையில் பழத்தோடு வந்திருந்தார்.

"கனி, புரட்டாசி வரைக்கும் பொறுத்துக்கம்மா. உப்பு முடியட்டும். நாற்காலிக்கு மெத்தை போட்டுத் தாரேன்."

"பதினோரு வருசம் பொறுத்தவளுக்கு இன்னும் மூணு மாசம் என்ன?" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் இவளுக்குச் சின்ன வயசிலிருந்து கூட்டாளி. அவளும் இழுத்தாற்போல், "இல்லட்டி, ஊருக்கே ஒதவுற விரலு. ஒனக்கு மட்டும் சொந்தம்னு சொல்லிற முடியுமா?" என்றாள்.

சண்முகக்கனிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"சரிக்கா, எல்லாருக்கும் சொந்தம். அடுத்த தடவ வலிக்கயில ஆளுக்கு அரை மணி நேரம் வாங்கிக்கிடுங்க. மொதல்ல யாரு? மேனேஜர் வாரீயளா?"

ஜேசுபாலன் பழத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுக்கவும் தோன்றவில்லை, கொண்டுபோகவும் தோன்றவில்லை. கூட்டம் கலைந்தது.

அவள் என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, ஒம்பது வருசம் நீங்க குடுத்த மாத்திரையத் தின்னுருக்கேன். ஒரு வழி பண்ணுங்க."

அதற்குமேல் நான் மறுப்பு சொல்ல முடியுமா? ஆனால் நாத்தனாரின் சீட்டு இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் வாசல் கதவே திறக்காது. நாத்தனார் சீட்டில் என்ன அடிக்கும் என்பதும் தெரிந்ததே. எனக்குத் தெரிந்த ஒரே வழி டாக்டர் அமலோற்பவம். கையெலும்பு, விரல் நரம்பு என்றே ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றுப் பக்கத்து ஊரில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். கோழிகளுக்கும் கால் பார்ப்பார் என்று கேள்வி.

அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா நாத்தனாரைப் பற்றி நாங்கள் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை.

"அது சொன்னத அது வச்சுக்கிடட்டும். நான் பாக்கேன்" என்று கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். அதன் மழுங்கிய முனையால் நகத்தின் மேல் அங்கங்கே மெதுவாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ஓரிடத்தில் தொட்டதும் சண்முகக்கனி போட்ட சத்தத்தில் கோழிகள் கூரையேறின. ஒரு நூல் தள்ளித் தொட்டால் வலி இல்லை.

"சரி. தெருவுல குச்சி ஐஸ் வண்டி நிக்கும், ஒண்ணு வாங்கிட்டு வா தங்கப்பழம்" என்றார். என் பெயர் தங்கப்பழம். வாங்கி வந்தேன். ஐஸை விரலோடு வைத்ததும் இவள் மறுபடி துடித்துப் போனாள். பிறகு கைக்கு மேலே இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி, ஓட்டத்தை நிறுத்திவிட்டு, முன்பு தொட்ட அதே இடத்தில் ஊசியால் அழுத்தினார். அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லை.

"முடிஞ்சுபோச்சு. நகத்துக்கு அடியில ரத்தக் குழாய் முடிச்சு. கொண்டை ஊசி, குச்சி ஐஸ், காத்துப் பட்டை. இதுக்கா பதினோரு வருசம்? எத்தன பேரு பாத்தாங்க?"

"நெறைய பேரு டாக்டர்" என்றேன் நான், கோழிகளைப் பார்த்துக்கொண்டு.

"ஒருத்தராவது தொட்டுப் பாத்தாங்களா?"

குச்சி ஐஸ் என் கையில் உருகிக்கொண்டிருந்தது. தின்றேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் மதியம் எங்கள் சுகாதார நிலையத்தின் கட்டுப் போடும் அறையிலேயே எடுப்பதென்று முடிவாயிற்று. நாத்தனாரின் கண்ணாடிக்கு அந்த அறை நேராகத் தெரியும். ஆகவே கண்ணாடி மேல் ஒரு போர்வையைப் போட்டேன்.

"இருட்டாக இருக்கிறது" என்றது.

"கரண்டு போயிருச்சு."

"எனக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கிறதே."

"ஒனக்கு மட்டும் வருது."

"சரி" என்றது.

டாக்டரம்மா விரலை மரக்கச் செய்து, நகத்தை மூடி போலத் தூக்கி, சின்னக் கரண்டி நுனியால் ஒரு பொட்டை வழித்தெடுத்தார். சாம்பல் கலந்த ரோஜா நிறம். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. எங்கள் கடலில் எத்தனையோ பேர் முத்துக் குளித்திருக்கிறார்கள். இவ்வளவு சின்னதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அதை ஒரு புட்டியில் போட்டுத் தன் பழைய மாணவி ஒருத்தியின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். கொண்டை ஊசி சொன்னதையேதான் அவர்களும் பிறகு எழுதி அனுப்பினார்கள். நகத்தைத் திரும்ப மூடித் தைத்தாயிற்று.

கட்டு போட்டுக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "நாளைக்குக் காலையில அந்தப் பெட்டி வலிக்கான்னு கேக்குமே, என்ன சொல்லப்போற?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் உண்மையைச் சொல்லி "இல்ல" என்றால், கடற்கரை முழுக்க மழை இல்லை என்று அறிக்கை போகும். அத்தனை அம்பாரமும் திறந்து கிடக்கும். ஒரு மழை வந்தால் போதும்.

சண்முகக்கனி முன்னமே யோசித்து வைத்திருந்தாள்.

"வலிக்குன்னு சொல்லுவேன்."

"என்னைக்கு?"

"என்னைக்கும்."

மறுநாளிலிருந்து அப்படியே. "இன்று வலிக்கிறதா?" "ஆமா." கட்டின் மேல் அதே கம்பளிப் பை. நாத்தனார்தான் விரலைப் பார்ப்பதில்லையே. தினமும் மழை அறிக்கை. தினமும் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது எல்லா அளத்திலும் வாருவதை நிறுத்திவிட்டு அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பெய்தால் பெய்தது. பெய்யாவிட்டால் காலையில் எடுத்துக்கொண்டார்கள். ஆடி முடிவதற்குள் ஏழு மழை, ஏழும் பொழுது சாய்ந்த பிறகு. ஒரு கல் உப்புகூடக் கரையவில்லை.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினோரு வருஷ வலி, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத் தார்ப்பாய் வேலைக்குச் சமம். அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை, விரலை விட்டுக்கொடுப்பது சுலபமாக இருந்திருக்கிறது. என் ஒன்பது வருஷ மாத்திரையையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

ஒரு மழையையும் தவறவிடாததற்காக நாத்தனாருக்கு மாவட்டத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதையும் நான்தான் துடைக்கிறேன்.

ஆனால் நாத்தனார் முட்டாள் அல்ல என்று முன்பே சொன்னேன். ஒரு நாள் காலை தானாகப் பேசியது.

"மழை பெய்யாத நாட்களிலும் வலி சொல்லப்படுகிறது. விரல் பழுதாகிவிட்டதாகத் தோன்றுகிறது. வேறு விரல் தேட வேண்டும்."

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் பத்து நகத்தையும் காட்ட வேண்டும். முதுகில் கட்டி என்று வந்தவரும் நகத்தைத்தான் காட்ட வேண்டும். நகத்தடி நீலத்தைத் தேடியது. தப்பித் தவறி யாரிடமாவது கண்டுபிடித்தால் என்ன சொல்லும்? தீங்கற்றது, கவனித்து வரவும்.

இந்தச் சேதியை நான் பவுன்ராஜிடம் சொன்னேன். அன்று மதியம் பேச்சியம்மாள் சண்முகக்கனியின் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, அது தேடுற விரலு எங்க வீட்டு விரலாவும் இருக்கலாம்லா?"

"இருந்தா என்னக்கா. ஊருக்கே ஒதவும்லா" என்றாள் இவள்.

பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எங்கேயோ போய்விட்டு ஒரு சாக்கு நிறைய மருதாணி இலையோடு வந்தாள். ஆடி மாதம், எப்படியும் பெண்கள் வைக்கிற காலம்தான். அந்த வருஷம் அம்மியில் அரைத்து அரைத்து ஊரில் உள்ள எல்லா நகத்துக்கும் வைத்துவிட்டாள். ஆண்பிள்ளைகளும் தப்பவில்லை. ஜேசுபாலன் தானாகவே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். நகத்துக்குப் போதும் என்று சொல்லியும் கேட்காமல் உள்ளங்கையிலும் வட்டமாக வைத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் நாத்தனார் என்னைக் கூப்பிட்டது.

"சிப்பியாபுரத்தில் எல்லா நகமும் சிவந்திருக்கிறது. அடியில் எதுவும் தெரியவில்லை. இது தொற்றா?"

"தொத்துதான்."

"பெயர்?"

"ஆடி."

"என் பதிவில் இல்லை. ஆபத்தானதா?"

"தீங்கற்றது" என்றேன். "கவனிச்சு வா."

அது அப்படியே குறித்துக்கொண்டது.

ஆவணியில் ஒரு சாயங்காலம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். அம்பாரமெல்லாம் மூடியிருந்தது. வானம் கறுத்து, கடலிலிருந்து குளிர்ந்த காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. வரப்பு மேட்டு நாற்காலியில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இப்போது எல்லாரும் முறை வைத்து உட்காருகிறார்கள். சண்முகக்கனி தரையில் உட்கார்ந்து மகளுக்கு இரண்டு கையாலும் இறுக்கிச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். "அம்மா, வலிக்கி, மெதுவா" என்று கத்தினாள். "வலிச்சா வலிக்கட்டும், பதினோரு வருசப் பாக்கி" என்றாள் இவள். பின்னி முடித்ததும் என்னிடம் ஒரு குச்சி ஐஸ் கேட்டு வாங்கி, இடது கையில் பிடித்தாள். அது உருகி மோதிர விரல் வழியே ஒழுகியது. துடைக்கவில்லை. மழை வந்தது. மழையிலும் தின்றுகொண்டிருந்தாள்.

கதை இவ்வளவுதான். மருதாணி ஆடியோடு மற்றவர்களுக்கெல்லாம் வெளுத்துப் போயிற்று. நாத்தனார் மழை பார்க்கிற வேலையைச் செயற்கைக்கோளிடமே விட்டுவிட்டது. தார்ப்பாய் மட்டும் தினமும் ஏறுகிறது. பிறகு எனக்கு எதற்கு ஒற்றை நகத்தில் சிவப்பு என்றுதானே கேட்கிறீர்கள்?

போன தை மாதத்திலிருந்து எனக்கு அந்த விரலில் ஒரு வலி. நகத்தடியில் லேசாக நீலம். மிக அபூர்வம் என்று நாத்தனார் சொன்னது ஒரே தெருவில் இரண்டு பேருக்கு. கண்ணாடி துடைக்கிற கை என்பதால் மறைத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. நாத்தனாருக்குத் தெரிந்தால் கேடயத்தின் மேல் ஆசை மறுபடி வந்துவிடும்.

சண்முகக்கனிக்கு மட்டும் தெரியும். வாரம் ஒருமுறை மருதாணி வைத்துவிட வருவாள். வரும்போது தவறாமல் ஒரு சத்து மாத்திரையும் கொண்டுவருவாள். "வேளாவேளைக்குச் சாப்புடுங்க அண்ணாச்சி, ஒம்பது வருசத்துல சரியாப் போயிரும்" என்பாள். டாக்டரம்மாவிடம் அதை எடுக்க நாள்கூடக் கேட்டு வைத்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை எனக்கு அமாவாசை. அதற்கு முந்தின வெள்ளி சம்பந்தி வந்துவிட்டார். அதற்கு முந்தினது என்ன காரணம் என்று மறந்துவிட்டது.

"ஊசின்னா பயமா அண்ணாச்சி?" என்று கேட்கிறாள். முப்பத்தொன்பது வருஷத்தில் பல்லாயிரம் பேருக்கு ஊசி போட்டவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? போட்டது நான். போட்டுக்கொண்டது அவர்கள்.

வருகிற வெள்ளி கட்டாயம் போகிறேன். இன்று காலையிலிருந்து தோள் வரைக்கும் இழுக்கிறது. வெளியே போகிறவர்கள் குடை எடுத்துக்கொண்டு போங்கள்.